ஏ மூன்றரை

மூன்றாம் முறையும் திரும்பி வந்தது அந்தப் பல்.
பஞ்சில் சுற்றி, சின்னப் பெட்டிக்குள்,
டாக்டர் ஹோலோவசுக்கின் கோழிக்கிறுக்கலோடு:
"என் நாற்காலியில் சரியாக இருக்கிறது.
அவருடைய கார்க் கண்ணாடியில் சாம்பல்."

யாருடைய வாய் என்று எனக்குத் தெரியாது.
மேல்வரிசை, இடப்பக்கம், முன்பல்லுக்கு அடுத்தது.
நிறம் ஏ மூன்றரை.
தேநீர் குடிப்பவராக இருக்கலாம்.
அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

எட்மன்டனில் ஜனவரி.
எட்டே முக்காலுக்கு விடிந்து
நாலரைக்கெல்லாம் கடையைச் சாத்திவிடுகிறது வானம்.
நிலக்கீழ் அறையில் எனக்கென்று ஒரு சன்னல்,
அதையும் பனி மூடியிருக்கிறது.
தலைக்கு மேலே ஒரு மஞ்சள் குமிழ்.
அந்த மஞ்சளில் எல்லாப் பல்லும் நல்ல பல்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம்.
"லைட்தானே, எதையாவது எடுமன்" என்றார் இரத்தினவேல்.
எதையாவது எடுத்ததுதான்
மூன்று முறை திரும்பி வந்தது என்றேன்.
பிறகு வழி நெடுக வைப்பரின் சத்தம் மட்டும்.

பெட்டிகளின் மேல் எண்கள்.
இரண்டாயிரத்து எழுநூறு, நாலாயிரம், ஐயாயிரம்.
சின்ன எண் அந்திவெயில்,
பெரிய எண் பனிமேல் விழுந்த பகல்.
பொடியெழுத்தில் இன்னுமொன்று உண்டு:
நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டும் என்று, நூற்றுக்கு.
எழுபத்தெட்டு. எண்பத்திரண்டு.
பள்ளிக்கூடத்தில் அதற்கு எனக்கு மிதிவண்டி வாங்கித் தந்தார்கள்.
பல்லுக்குப் போதாது.
அடித்தட்டில், முழங்காலில் நின்று, கண்டெடுத்தேன்:
தொண்ணூற்று மூன்று.

மெல்லிய குழல், என் சுண்டுவிரல் தடிப்பு.
கூட்டோடு சேர்த்தாலும்
தட்டின் விளிம்புக்குப் பின்னால் பதுங்கிவிடும்;
கண்ணை விட்டுவிட்டுக் கையில் மட்டும் விழும்.
ஒன்றின் வாலை அடுத்ததன் வாயில் செருகலாம்,
சுவரில் ஒரே ஒரு பிளக் போதும்.
மூலை திரும்ப மட்டும் குட்டை வயர் வேண்டும்.
அதைத் தனியாக விற்கிறார்கள்.
விற்பார்கள்தானே.

"எத்தனை அடி?" என்றான் கடைப் பையன்.
அளந்து வரவில்லை.
கைகளை விரித்தேன்: இதுபோல் ஒன்று,
மூலைக்கு அங்கால் இதில் பாதி.
அவன் சிரிக்கவில்லை. டேப்பை உருவினான்.
பெயரட்டையில் டைலர்;
தையற்காரன்போலவே விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை அளந்தான்.
பெயின்ட் வாளிக்காரர்கள் என்னைச் சுற்றிப் போனார்கள்.

நான்கு குழல்கள்.
வாயில் திருகாணிகளோடு இரத்தினவேல் ஏணியில்.
தட்டில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக,
பெயருக்குப் பதில் இலக்கங்களோடு,
அண்ணாந்து பார்த்தபடி.
சுவிட்சைப் போட்டேன்.
ஒன்று, இரண்டு, நான்கு.
மூன்றாவது இருமுறை இமைத்துவிட்டு அடங்கியது.
தான் எரியாமல்
அடுத்ததற்கு மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருந்தது.
"மாத்தித் தருவாங்கள், பில் எங்கை?"
பில் கோட்டுக்குள். கோட் காருக்குள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

இரண்டாவது குழலின் கீழ் பல்லைப் பிடித்தேன்.
விளிம்போரம் ஒரு நீலம்.
மூன்று முறையும் நானேதான் தீட்டியிருக்கிறேன்.

"ஆ காட்டுங்கோ" என்றேன்.
ஏணியிலிருந்தே வாயைத் திறந்தார்.
மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தேன்.
பதினெட்டு வருடமாக ஏ மூன்று என்றிருந்தவர்
சி இரண்டு.
"அது நல்லதோ, கூடாதோ?"
"அது நிறம்."

நீலத்தைச் சுரண்டி, துளி காவி தொட்டு,
தொள்ளாயிரம் பாகையில் வைத்து எடுத்தேன்.
பெட்டி போனது. இதுவரை வரவில்லை.
எங்கோ ஒரு சிவப்பு விளக்கில்
யாரோ கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி,
உதட்டைத் தூக்கிப் பார்த்து,
பிறகு வீதியைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது குழல் இன்னும் எரியவில்லை.
கோட்டைத் துவைத்துவிட்டேன், பில்லோடு.